கரடியூரிலிருந்து வந்த மீன்தொட்டி

மீன் செத்துப்போனால் நான் சேலத்துக்கே போய்விடுவேன் என்று ஒரு நாள் சொன்னேன். கோபத்தில் சொன்னது. எனக்குக் கோபம் வந்தால் வாயில் வருகிற வார்த்தை என்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. உலையில் இருந்த சோற்றை வடித்து இறக்குவதற்குள் சொன்னதை மறந்தும் போனேன். கேட்டவர் மறக்கவில்லை. அது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. அதற்கு ஒரு பழைய மீன்தொட்டியும் வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. தை மாதம் கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலை ஏழு மணிக்கு ஆட்களை வரிசையாக நிற்கவைத்து மஸ்டர் நோட்டில் வருகை எழுதுவார்; பிறகு யாருக்கு எந்தப் பக்கம் வேலை என்று சொல்லி அனுப்புவார். எழுதியது எழுதியதுதான், சொன்னது சொன்னதுதான் என்று இருக்கிற மனிதர். "ஒரு நிமிஷம் இருங்க, வந்துடறேன்" என்று கடைக்காரர் உள்ளே போனால் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நிமிடம் முடிந்ததும், "என்னங்க, இன்னும் ஆளைக் காணோம்?" என்பார். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்பார். அப்படிப்பட்டவரிடம் போய் நான் வாயை விட்டிருக்கிறேன்.

மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் எங்கள் அப்பா வீட்டு முன்னறையில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி இருந்தது. எனக்குப் பத்து வயதானதிலிருந்து அது என் பொறுப்பு. தண்ணீர் மாற்றுவது, பாசி சுரண்டுவது, மணலை அலசுவது எல்லாம் நான்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நின்றதைவிட, மாப்பிள்ளை எழுந்து போய்த் தொட்டியைக் குனிந்து பார்த்தாரே, அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணமாகிக் கிளம்பும்போது தொட்டியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு தங்கமீன்களை மட்டும் வாயகன்ற ஊறுகாய் பாட்டிலில் போட்டுக்கொண்டேன். மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் பாட்டிலை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். மீன்கள் சமர்த்தாக வந்தன.

மாசி மாதம் ஒன்று செத்துப்போனது. குளிரோ, பாட்டில் சிறியதோ, தெரியவில்லை. காலையில் பார்த்தபோது மிதந்துகொண்டிருந்தது. அப்போது எனக்கு ஏற்காடே பிடிக்கவில்லை. மூன்று மணிக்கே வாசலை மூடிவிடுகிற மஞ்சுமூட்டம், காயாத துணி, பேச ஆளில்லாத எஸ்டேட் குவார்ட்டர்ஸ், எல்லாவற்றின் மேலும் இருந்த எரிச்சல் இவர் தலையில் விழுந்தது. "மிச்சமிருக்கறதும் செத்துதுன்னா நான் சேலத்துக்கே போயிருவனுங்க, பார்த்துக்கங்க" என்றேன். அவர் பாட்டிலில் மிச்சமிருந்த மீனைப் பார்த்தார். வால் ஓரத்தில் ஒரு கறுப்புத் தீற்றல் உள்ள மீன் அது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஜன்னலோரம் போய் பாட்டிலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இவருக்கும் மீன் மேல் பிரியம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூட, இவர் மீனை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதினேன்.

மீன் வளர்ந்தது, பாட்டில் வளரவில்லை. புரட்டாசி வாக்கில் அது திரும்புவதற்கே இடமில்லாமல், வாயை மேலே தூக்கித் தூக்கிக் காற்றை விழுங்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் மாற்றிப் பார்த்தேன். வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கரடியூர் பக்கம் ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள், அங்கே வெறும் மீன்தொட்டி ஒன்று கிடக்கிறது என்று தெரிந்ததும் எஸ்டேட் ஜீப்பில் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஜீப்பின் பின்னால் சாக்கு விரித்து, அதில் தொட்டியை வைத்து, அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கத் துரு.

"ஏனுங்க, இது என்னங்க?"

"மீன் தொட்டி புள்ள."

"மீன் இருந்த தொட்டியாட்டமா இருக்குது? எலி குடித்தனம் பண்ணுன வீடாட்டம் இருக்குது."

"கழுவுனா சரியாயிரும். கண்ணாடி ஒண்ணும் ஒடையல, நாலு பக்கமும் பார்த்துட்டேன்."

பங்களாவில் அதில் மண்ணைப் போட்டுச் செடி வளர்த்திருந்தார்கள். கருகிய வேர், மக்கிய இலை, ஒரு மூலையில் எலிப் புழுக்கை, நடுவில் உடைந்த பீங்கான் வாத்து ஒன்று. இரும்புச் சட்டத்தில் கண்ணாடிகளைப் பதித்து, உள்விளிம்பில் ஜன்னலுக்கு வைப்பதுபோல மக்கு வைத்து அடைத்த பழைய காலத்துத் தொட்டி. மக்கு காய்ந்து பிளந்திருந்தது. வாய் திட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் எனக்குக் கை பரபரத்தது. வந்த இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்று அன்றைக்குத்தான் வந்து இறங்கியது.

பழைய தொட்டி விஷயத்தில் எனக்கு ஒரே சட்டம்: சோப்பு கூடாது. சலவைத்தூள், சாம்பல், பாத்திரம் தேய்க்கிற பொடி எதுவும் கூடாது. எவ்வளவு அலசினாலும் இடுக்கில் கொஞ்சம் தங்கும். தங்கியது மீனுக்கு ஆகாது. கல்லுப்பும் தேங்காய் நாரும் போதும். மண்ணை வழித்துக் கொட்டிவிட்டு, கொல்லையில் தொட்டியைச் சாய்த்து வைத்து நான் உப்பைப் போட்டுத் தேய்த்தேன். பழைய தண்ணீர்க்கோடு சுண்ணாம்பாக வெள்ளை படிந்திருந்த இடத்தில் எலுமிச்சை மூடியை வைத்து ஊறவிட்டு, பாதி பிளேடால் சாய்வாகச் சுரண்டினேன். வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு ஆரஞ்சுத் தோலை எடுத்து வந்து தேய்த்தார். ஏற்காட்டில் ஆரஞ்சுக்குப் பஞ்சமில்லை, எலுமிச்சை செய்வதை அது செய்யாதா என்று அவருக்கு நியாயம். கண்ணாடி முழுக்கப் பிசுக்கானதுதான் மிச்சம். அந்தப் பக்கத்தை நான் மறுபடி தேய்த்தேன்.

துருவை உப்புத்தாளால் உரசியது அவர். சட்டத்தின் வெளிப்பக்கம் மட்டும் பச்சைப் பெயிண்ட் அடித்தார். உள்பக்கம் பிரஷ் போகக்கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு ஜன்னலை மூடி, கண்ணாடிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி விளிம்பு விளிம்பாகப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வெளிச்சத்தில் மயிர்க்கோடாகத் தெரியும். நகத்தாலும் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். சொன்னது சரியாக இருந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளைத்தனமான திருப்தி வரும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது ஒழுகுகிறதா என்று பார்ப்பது. மலையில் கட்டின குவார்ட்டர்ஸில் தரை எங்கே சமமாக இருக்கிறது? உருளைக்கிழங்கைக் கீழே போட்டால் அடுப்படியிலிருந்து வாசலுக்குத் தானாகவே வந்துவிடும். தொட்டி சாய்ந்தால் தண்ணீரின் பாரம் ஒரு பக்கமாக இறங்கிக் கண்ணாடி தெறித்துவிடும் என்றேன். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து, மேஜைக் காலுக்கு அட்டையை மடித்து மடித்து வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஒரு மணி நேரம் முட்டி போட்டுக் கிடந்தார். மேஜை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து, கால்பங்கு தண்ணீர் ஊற்றினோம். தாள் காய்ந்தே இருந்தால் அரைப்பங்கு, அதுவும் தாங்கினால் முழுக்க என்பது முறை.

தாள் கால்பங்குக்கே நனைந்தது. இரண்டு மூலையில் சொட்டு. என் முகம் வாடியதைப் பார்த்திருப்பார் போல. உடனே பென்சிலை எடுத்துத் தாளில் நனைந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் மணியும் எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து ஈரம் எங்கே வரை வந்திருக்கிறதோ அங்கே இன்னொரு வட்டம், இன்னொரு நேரம். ரைட்டர் அல்லவா. காய்ந்த மக்கு தண்ணீரில் ஊறினால் சில சமயம் தானே உப்பி அடைத்துக்கொள்ளும், மூன்று நாள் பார்ப்போம் என்று நான் சொல்லியிருந்தேன். மூன்று நாளும் தாளை மாற்றி மாற்றி வட்டம் போட்டார். வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு மூலை முழுதாக அடைத்துக்கொண்டது. இன்னொரு மூலைக்கு மட்டும் எஸ்டேட் ஆசாரியிடம் சாக்பீஸ் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் வாங்கிப் புது மக்கு பிசைந்து, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு அழுத்தி வைத்தோம். அவர் மூலையில் அழுத்த, நான் மேலே கட்டைவிரலால் வழித்துவிட்டேன். இரண்டு பேர் கையும் எண்ணெயாகி, விரல் வழுக்கி, சிரித்துக்கொண்டே வைத்த மக்கு அது. ஏற்காட்டுக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அது இறுகப் பத்து நாள் விட்டோம். மறுபடி முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்தோம். தாள் காய்ந்தே இருந்தது. ஆனால் நின்ற தண்ணீரில் ஓரமெல்லாம் வழவழவென்று பச்சை பிடித்துவிட்டது. ஐப்பசி மழையும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை இறைத்துவிட்டு, மணல் போட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிவிடலாம், இரண்டு நாள் தெளியட்டும், புதன்கிழமை மீனை விடலாம் என்று முடிவு செய்தோம். ஓடை மணலை ஏற்கெனவே ஏழு தண்ணீர் அலசிக் காயவைத்திருந்தேன். "நீ கடைக்குப் போயிட்டு வா புள்ள, தொட்டிய நான் தேய்ச்சு ரொப்பி வைக்கறேன்" என்றார். சோப்பு கூடாது என்று மறுபடி சொல்லிவிட்டு ஷேர் ஜீப் ஏறினேன்.

ஏற்காட்டில் நாங்கள் சாமான் வாங்குகிற கடை ஒரு பாயுடையது. சேலத்துக்காரர்தான், அதனால் எனக்கு அந்தக் கடையில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கப் பிடிக்கும். தொட்டி சங்கதியை முழுக்கச் சொன்னேன். பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"பழைய தொட்டிங்களா தங்கச்சி? அதுல என்னத்த வச்சிருந்தாங்களோ, என்ன மருந்து பட்டுச்சோ, நமக்கெங்க தெரியும்? ஓடையில நாலு நத்தை புடிச்சுப் போட்டு ரெண்டு நாளு வுட்டுப் பாருங்க. நத்தை கண்ணாடியில ஏறி மேஞ்சுதுன்னா மீனை வுடுங்க. சுருண்டு கீழ விழுந்துச்சுன்னா தொட்டியில கோளாறுன்னு அர்த்தங்க."

"அப்புடீங்களா பாய்" என்றேன். பத்து வயதிலிருந்து மீன் வளர்க்கிறவளுக்கு மளிகைக் கடைக்காரர் பாடம் எடுக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று வந்தது. நானே கண்ணாடியை நகத்தால் தடவியவள். நத்தையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டுமா? வீட்டுக்கு வந்தபோது தொட்டி நிறையத் தண்ணீர் பளிங்காக நின்றது. மூலைமுடுக்கில்கூடப் பச்சை இல்லை.

"எப்புடீங்க இத்தன பளிச்சுன்னு பண்ணுனீங்க?"

"தேய்ச்சேன்" என்றார். அந்தத் திருப்தி முகத்தில் வந்தது. பாய் சொன்ன நத்தைப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

புதன்கிழமை அவர் ஆறரைக்கே கிளம்பிவிட்டார். தூறிக்கொண்டிருந்தது. நான் பாட்டிலை மூடாமல் தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டேன். இரண்டு தண்ணீரின் குளிர்ச்சியும் சமமாக வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்தேன். மீன் வெளியே வந்தது. வந்து ஒரு கணம் நின்றது. எட்டு மாதமாக முட்டிக்கொண்டே இருந்த மீன், எதிரே கண்ணாடி இல்லை என்று தெரிந்ததும் வாலை அடித்து ஒரே ஓட்டமாக அந்தக் கோடிக்குப் போனது. போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. தனியாக நின்று அதனோடு என்னென்னவோ பேசினேன். பாட்டில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து, ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதன் போக்கு சரியில்லை. மணலில் போய் விலாவை உரசியது. செவுள் படபடவென்று அடித்தது. விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. புது இடத்து மிரட்சி, சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் மஸ்டர் எடுக்கிற இடத்தில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். அந்த வாரம் எஸ்டேட்டில் காபிச் செடிக்கு மருந்தடிப்பு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து, இலை நீலம் பூக்க அடிப்பார்கள். வெள்ளக்கடை கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அம்மா வரிசையில் நின்றபடி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "கொழம்புக்கு ரெண்டு மீனு அரிச்சுட்டு வரலாம்னு ஓடைக்குப் போனேன். மருந்து டிரம்மைக் கழுவுன எடத்துக்குக் கீழ அத்தனையும் மல்லாந்து கெடக்குது. மயில்துத்தம் பட்ட தண்ணியில மீனு எங்க நிக்கும்?" இவர் பேனாவை நோட்டின் மேல் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். பாதிப் பேருக்கு இன்னும் வருகை எழுதவில்லை. ரைட்டருக்கு என்ன ஆயிற்று என்று ஆட்கள் அப்படியே மழையில் நின்றார்களாம்.

வீட்டுக்குள் வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கைக்கடிகாரத்தோடு, சட்டைக் கையோடு தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டு மீனைப் பிடித்தார்.

"குடத்துத் தண்ணி! சீக்கிரம்!"

குண்டாவில் தண்ணீரை ஊற்றினேன். மீனை அதில் விட்டார். அது பக்கவாட்டில் படுத்தது. செவுள் மட்டும் அசைந்தது. பிறகு அவர் மறுபடி தொட்டிக்குள் கையை விட்டு, பின்மூலையில் மணலைத் தோண்டி, பனியன் துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சை எடுத்தார். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். துணி நீலமாக ஊறியிருந்தது.

"என்னங்க அது?"

"மயில்துத்தம்."

காபிப் பழம் அலசுகிற இடத்தில் எஸ்டேட்டுக்கு ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி உண்டு. பாசி பிடிக்காமல் இருக்க அதில் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து தொங்கவிடுவார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிற வழக்கம். செடியில் நோய் என்றால் மயில்துத்தம், தொட்டியில் பாசி என்றால் மயில்துத்தம். நான் கடைக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சிட்டிகை கொண்டுவந்து முடிந்து, எனக்குத் தெரியாமல் மணலுக்கடியில் புதைத்துவிட்டார்.

"சோப்பு கூடாதுன்னு நீ சொன்ன. சோப்பு போடல. நீ வாரா வாரம் கையத் தேய்ச்சுக்க வேண்டாம்னுதான்..."

நான் அவரை முடிக்க விடவில்லை. என்னென்ன சொன்னேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. காபிச் செடிக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் என்றேன். ஒரு மாதம் நான் முதுகொடியத் தேய்த்ததை ஒரு முடிச்சில் கெடுத்தீர்களே என்றேன். தேய்த்தேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களே என்றும் கேட்டேன். அவர் குண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கால்மணிக்கு ஒரு தரம் தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துப் புதுத் தண்ணீரைக் கையளவாக ஊற்றிக்கொண்டே இருந்தார். சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்கி நான் நிறுத்தினேன். அப்போது, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"போறதுன்னா நாளைக்குப் போ புள்ள. இன்னைக்கு மழை. வளைவுல பஸ்ஸு வழுக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கீங்க போறது?"

"சேலத்துக்கு. மீன் செத்தா போயிருவேன்னு சொன்னீல்ல."

"எப்பங்க சொன்னேன்?"

"மாசி மாசம். மொத மீன் செத்த அன்னைக்கு. வெசாழக்கெழம." அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "பெட்டிய நீ தூக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டாந்து ஏத்திவுடறேன்" என்றார்.

செருப்பைக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போனதெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மீன் மேல் பிரியமாம், அம்மாவுக்குக் கடிதம் வேறு எழுதினேன். ஒவ்வொரு சாயங்காலமும் இந்த மனுஷர் தன் பெண்டாட்டி இன்னும் ஒரு நாள் இருப்பாளா என்று பாட்டிலில் பார்த்திருக்கிறார். கட்டிக்கொண்டு வந்த தொட்டி, முட்டி போட்டுப் பார்த்த ரசமட்டம், மணி எழுதிய வட்டங்கள், அந்தப் பாழாய்ப்போன முடிச்சுகூட அதற்குத்தான். எட்டு மாதம் ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்திருக்கிறார். நான் என்ன வாய் வைத்திருக்கிறேன் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே, இத்தனை பிரியத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அழுகையும் வந்தது. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, நான் மீனுக்கா வாக்கப்பட்டேன்? இது செத்தாலும் போகமாட்டேன், பொழைச்சாலும் போகமாட்டேன்."

"அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"கோவத்துல சொன்னேனுங்க."

"கோவத்துல சொன்னா?"

"கோவத்துல சொன்னதை எல்லாம் எடுத்துக்கக் கூடாதுங்க."

அவர் அதை நெடுநேரம் யோசித்தார். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்கவில்லை. நானும் அதற்கு மேல் மறைக்க முடியாமல், பாய் நத்தை விடச் சொன்னதையும், நான் கர்வத்தில் கேட்காததையும் சொன்னேன். நத்தை விட்டிருந்தால் மீன் இந்தப் பாடு பட்டிருக்காது. "அப்படின்னா பாதித் தப்பு உன்னுது" என்றார் நிதானமாக. ஆமாம் என்றேன். அதன்பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. மஸ்டர் நோட்டு ஞாபகம் வந்து, இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்.

மீன் அன்றைக்கு முழுவதும் சாய்ந்தே கிடந்தது. மறுநாள் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் ஒரு பருக்கை தின்றது. தொட்டி மணலை ஆளில்லாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டிக் கொட்டினோம். மக்கையெல்லாம் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்து, நிரப்புவதும் இறைப்பதுமாக ஒரு மாதம் போயிற்று. கடைசியில் அவரே மருந்து படாத மேல் ஓடையில் நாலு நத்தை பிடித்து வந்து விட்டார். நாலும் கண்ணாடியில் ஏறி மேய்ந்த பிறகுதான் மீனைத் தொட்டியில் விட்டோம். பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நத்தைகளை நலம் விசாரித்தார்.

மலையை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. இடையில் எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. என் வாயும் ஒன்றும் அடங்கிவிடவில்லை. போய்விடுவேன் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான் எடுத்ததே இல்லை. எவ்வளவு கோபத்திலும் நாக்கு நுனியில் வந்து நின்றுவிடும். சொன்னால் அவர் நம்பிவிடுவார்.